பசை போட்ட கடைசிப் பக்கம்

ஏங்க, சாப்பாடு அடுப்புமேல இருக்கு. பாப்பாவை எழுப்பாதீங்க, அழுது அழுது இப்பதான் கண் அசந்தா.

விமானம் ஓட்டின அந்தம்மாவோட வாழ்க்கைப் படப்புத்தகத்துல, அவங்க சாகிற கடைசிப் பக்கத்தை, குழந்தை பயப்படும்னு பசை போட்டு ஒட்டினீங்களே! வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க ஒட்டினதை இன்னிக்குக் கண்டுபிடிச்சுட்டா. கடைசிப் பக்கத்தை ஒட்டிட்டா யாரும் சாக மாட்டாங்களாம். நூலகத்துலேர்ந்து எடுத்து வந்த ராஜா, ராணி, விஞ்ஞானி, அத்தனை பேரோட கடைசிப் பக்கத்தையும் ஒட்டி வெச்சிருக்கா. ஆவி காட்டிப் பிரிக்கப் பார்த்தேன். “பிரிச்சா செத்துடுவாங்கம்மா”ன்னு வீறிட்டு அழுதா. திட்டவும் வாய் வரலை. எழுந்ததும் நீங்களே பேசிப் பாருங்க. நான் டியூட்டிக்குக் கிளம்பறேன்.

பி.கு.: நேத்து நாம போட்ட சண்டை அவ காதுல விழுந்திருக்கு. நம்ம கல்யாண ஆல்பத்தோட கடைசிப் பக்கத்தையும் ஒட்டியிருக்கா. நான் பிரிக்கலை. நீங்களும் பிரிக்காதீங்க.