அவர் பார்க்க வரைந்த மலை

ஜனவரி 9, வெள்ளி

காலையில் பனி. மலையே தெரியவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான் ஊர்.

செல்வி வரத் தாமதம். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டாளாம். அதுவரை நானே இவரைத் துடைத்து, பவுடர் போட்டு, தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தேன். பிறகு கட்டிலின் கால்மாட்டில் மேஜை. மேஜைமேல் பித்தளைச் சொம்பு, இரண்டு கத்தரிக்காய், மடித்த வெள்ளைத் துண்டு. பக்கத்தில் கேன்வாஸ் நிறுத்திய ஈசல் சட்டம்.

"எதுக்குக்கா இந்த ரூம்லயே வரையறீங்க? டர்பன்டைன் வாசனை சாருக்கு ஒத்துக்குமா?" என்றாள் செல்வி. இவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவள்.

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு. வடக்கு ஜன்னல்."

உண்மைதான். பாதி உண்மை.

மீதிப் பாதியை இங்கே எழுதலாம். ஆடி மாதம் இவருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். வீட்டுக்கு வந்தால் ஆயில் பெயின்டிங். மலையை எத்தனை முறை வரைந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆசிரமத்துப் பக்கம் தங்குகிற வெள்ளைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். பிரஷ் கழுவினது நான். கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். டியூஷன் பிள்ளைகள் எதிரிலேயே, "உனக்குத்தான் கோலம் வருதே, அது போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டு வந்து நின்றவளும் நான்தான்.

பெயின்ட் பெட்டிக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாணில். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அரைஞாணை அறுத்து என் கையில் கொடுத்தாள். சாவியோடு.

இன்று கத்தரிக்காயின் நிழல் தப்பாக விழுந்தது. இவர் "ம்ம்... ம்ம்" என்றார்.

"சாருக்கு ஏதோ வேணும் போலக்கா."

என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிழலை அப்படியே விட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

வாங்க: லின்சீட் ஆயில், டயபர் (பெரியது), கறிவேப்பிலை, எலி மருந்து (வீட்டு எலிக்கு).

மறுபடி சொம்பு. பித்தளை வருவதே இல்லை. மஞ்சள் பூசிய மண்சட்டி மாதிரி இருக்கிறது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். வீடியோவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு இழுப்பு இழுத்தால் பித்தளை.

இவருக்குக் கருப்பு ஆகாது. ட்யூபிலிருந்து கருப்பு எடுக்கிறவன் பெயின்டர் இல்லை, சுவருக்குத் தார் பூசுகிறவன் என்பார். நீலத்தையும் செம்மண் நிறத்தையும் கலந்துதான் இருட்டை உண்டாக்க வேண்டுமாம். அதற்காக ஒரு பையனைப் பிரம்பால் அடித்திருக்கிறார்.

இன்று கருப்பு ட்யூபை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பிதுக்கினேன். நிறைய. சொம்புக்குப் பின்னால், அடியில், எல்லா இடத்திலும்.

கண்ணை மூடிக்கொண்டார். திறக்கும்வரை பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். திறந்தார். பூசினேன்.

ராத்திரி நல்ல தூக்கம் எனக்கு.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பெங்களூரிலிருந்து மகள் வீடியோ கால். லீவு இல்லையாம். ஈசலைப் பார்த்துவிட்டாள்.

"அப்பாவுக்கு எதிர்லயே வரையறியாம்மா? சூப்பர்மா. அதுவே அவருக்கு ஒரு தெரபி. நீ கிரேட்மா."

பக்கத்து வீட்டு விமலாவும் சர்க்கரைப் பொங்கலோடு வந்து அதையேதான் சொன்னாள். "எங்க வூட்டுக்காரருக்கு இப்டி ஆச்சின்னா நான் ஆசிரமத்துல வுட்டுட்டு ஓடிருப்பேன். நீங்க தெய்வம்கா."

இவர் என்னைப் பார்த்தார். நான் விமலாவுக்குக் காபி போடப் போனேன்.

ஜனவரி 18, ஞாயிறு

முதல் முறையாக வெளியே போய் வரைந்தேன். ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலை. வயல் ஓரம், புளியமர நிழல். அறுத்த நெல்வயலில் மிஞ்சிய தாள், பக்கத்தில் இப்போதுதான் முளைத்த வேர்க்கடலை, பின்னால் மலை. காலையில் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் இந்தப் பக்கம் முழுக்க நிழல். நீலமா, சாம்பலா, ஊதாவா? கலந்து முடிப்பதற்குள் வேறு நிறமாகிவிடுகிறது. சொம்பு சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கும். மலை உட்காராது. ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

காற்றில் தூசி. ஈர பெயின்டில் பூச்சி. மாடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருத்தி பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, மலையா?"

"ஆமாம்மா."

"எரும படுத்துனுகீற மாறி கீதே."

சரியாகத்தான் சொன்னாள். அடியில் கனமாகக் கறுத்து, முதுகு வளைந்து, எருமையேதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு பெண்ணின் சுடிதாரில் ஈர பெயின்ட் ஒட்டிக்கொண்டது. அவள் போட்ட சத்தம். சாரி சாரி என்று இறங்கி வந்தேன். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன்.

படத்தை இவர் எதிரில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன். இருமல் இல்லை. வாயின் இடது பக்கம் மட்டும் மேலே போனது.

"அக்கா! சாரு சிரிக்கிறாருக்கா! ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து இன்னிக்குதான் மொத தடவ சிரிக்கிறாரு!" செல்வி கையைத் தட்டினாள்.

நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அதே சிரிப்பு. டீத் தட்டோடு நின்றபோது கேட்ட அதே சிரிப்பு.

ஜனவரி 19, திங்கள்

நேற்று சிரித்ததற்கு இன்று.

பரணில் அவருடைய பெரிய மலைப்படம் இருக்கிறது. விற்காமல் வைத்துக்கொண்டது. மழை விட்ட சாயங்காலம், பாறையெல்லாம் நனைந்து செம்பு மாதிரி மின்னும். ஜெர்மனிக்காரர் ஒருவர் மூன்று வருஷம் வந்து வந்து கேட்டுப் பார்த்தார். தரவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பணம் தட்டுப்பாடானபோதுகூட. அப்போது போனவை என் வளையல்கள்.

செல்வியும் நானும் இறக்கினோம். தூசி தட்டி இவர் எதிரில் நிறுத்தினோம். கண் விரிந்தது. முகமே மாறிவிட்டது. நான் அவருக்காகத்தான் இறக்கினேன் என்று நினைத்துக்கொண்டார்.

செல்வியை மருந்துக் கடைக்கு அனுப்பினேன்.

உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். முதலில் வானம். பொடி பறந்தது. பிறகு ஹார்டுவேர் கடையில் வாங்கிய வெள்ளைப் பெயின்ட், இரண்டு இஞ்ச் பிரஷ். மேலிருந்து கீழே, நிதானமாக. மலை உச்சி போனது. பாறை போனது. அவர் பேர் எழுதிய மூலை கடைசியில்.

கத்தவில்லை. கத்த முடியும், "ஆ" என்று வரும். வரவில்லை. இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. வலது கண் எப்போதும் வழிவதுதான், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். மெதுவாகத்தான் துடைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கஞ்சி வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டார். செல்வி கெஞ்சினாள். நான் கெஞ்சவில்லை.

வெயில். வெள்ளை சீக்கிரம் காயும்.

ஜனவரி 25, ஞாயிறு

நாலு நாளாகக் காலையில் அடி அண்ணாமலை. பெரிய கேன்வாஸ், ஆட்டோக்காரர் முனகுகிறார். கருப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வெளியே அது உதவவில்லை. நீலமும் செம்மண்ணும் கலந்தால்தான் நிழல் உயிரோடு இருக்கிறது. அவர் சொன்னது சரி. இதை எழுதவே கை கூசுகிறது.

எருமை போய்விட்டது. ஆனாலும் மலை வயல்மேல் மிதக்கிறது. தரையில் பதியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவருடைய இடது கை போர்வைமேல் அசைந்தது. சுட்டுவிரல். கீழே, இடது பக்கம், மலையின் அடிவாரம். பார்க்காத மாதிரி இருந்தேன். மறுபடி அதே இடம். பிறகு விரலை மெதுவாகக் குறுக்கே இழுத்தார், தூசியைத் துடைக்கிற மாதிரி.

புரிந்தது. புரிந்திருக்க வேண்டாம். வெள்ளையில் துளி நீலம், துளி சாம்பல். மரங்களுக்குப் பின்னால், அடிவாரம் முழுக்க, மெல்லிய புகை மாதிரி ஒரு இழுப்பு.

மலை உட்கார்ந்தது.

நாற்பத்தொன்பது வயதில் முதல் முறையாக ஒரு படம். திரும்பிப் பார்த்தேன். அவர் மலையைப் பார்க்கவில்லை. என்னைத்தான். ஸ்கூலில் மக்குப் பிள்ளைக்கு ஒரு கணக்கு வந்துவிட்டால் வாத்தியார் பார்க்கும் பார்வை.

அந்த இழுப்பைச் சுரண்டக் கத்தியை எடுத்தேன். முடியவில்லை. நன்றாக இருந்தது.

ஜனவரி 28, புதன்

பஷீர் வந்தார். இவரிடம் படித்தவர், இப்போது ஃப்ரேம் கடை. செங்கம் ரோட்டில் ஒரு கஃபேக்குப் படம் மாட்டித் தருகிறார். என் படத்தைக் கேள்விப்பட்டு வந்தார்.

"அக்கா, நீங்களா போட்டீங்க? சத்தியமா?" தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். "அந்த அடிவாரம் இருக்கு பாருங்க, அதுக்கே ஒரு சலாம்."

பிறகு அளவெடுக்கத் திருப்பினார். பின்பக்கக் கட்டையைத் தடவினார். முகம் சுருங்கியது.

"இது நான் சாருக்கு அடிச்சுக் குடுத்த கட்டையாச்சே. அந்தப் பெரிய படம்... அக்கா, இது அதுதானே?"

"ஆமா."

"அது மேலயா?"

"அவர்தான் சொன்னார். சைகையில. இது மேலயே போடுன்னு."

எப்படி வந்தது வாயில் என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

பஷீர் கட்டில் ஓரம் உட்கார்ந்து இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "சார், எப்பேர்ப்பட்ட மனசு சார் உங்களுக்கு. யார் சார் இப்டி விட்டுக் குடுப்பாங்க, அதுவும் சம்சாரத்துக்கு?"

இவர் தலையை ஆட்டினார். இப்படியும் அப்படியும். "ம்ம்... ம்ம்... ஆ..."

"பரவால்ல சார், பரவால்ல. புகழ்ந்தா உங்களுக்குப் புடிக்காது, தெரியும்."

இன்னும் வேகமாக ஆட்டினார். எச்சில் வழிந்தது. கையை உருவப் பார்த்தார். பஷீர் விடவில்லை, அன்பாக அழுத்திக்கொண்டேயிருந்தார்.

வாசலில் கேட்டார்: "கீழ யார் பேருக்கா போடட்டும்?"

என் பேரைப் போட்டுக் கொடுத்தேன். ஜெ. ஜெயந்தி. இனிஷியல் என் அப்பாவுடையது.

பிப்ரவரி 1, ஞாயிறு. பௌர்ணமி

ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம். செல்வி போன்: "பஸ்ஸெல்லாம் வெளியவே நிறுத்திட்டான்கா, நான் வர முடியாது." முழு நாளும் நானும் இவரும்.

புரட்டிப் படுக்க வைத்தேன். முதுகில் சிவப்பு, மருந்து போட்டேன். ஒரு முறை என் கையைப் பிடித்துக்கொண்டார். நகத்தில் பெயின்ட் காய்ந்திருந்தது, நீலம். கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். எதற்கு என்று தெரியவில்லை. சுத்தம் பார்க்கிற மனிதர், அதுவாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். கையை உடனே எடுக்கவில்லை.

கஞ்சி குடித்தார். வெளியே நாள் முழுக்க அரோகரா.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. பிசியோதெரபி தம்பி வந்தான். இவருடைய இடது கையில் பென்சிலைத் துணி சுற்றிச் செருகினான். அட்டைமேல் தாள். "என்ன வேணா கிறுக்கட்டும் மேடம். டெய்லி பண்ணா விரல் நல்லா வேலை செய்யும்."

அவன் போன பிறகும் இவர் விடவில்லை. நான் ஈசலில் மாதுளம்பழம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பென்சில் சரசரத்துக்கொண்டேயிருந்தது.

"என்னமோ போட்டுக்கீறாருக்கா," என்று தாளைக் கொண்டுவந்தாள் செல்வி. "மலை மாறி இருக்கில்ல?"

மலை இல்லை. நான்.

கோடு நடுங்கியிருந்தது, தாடை இரண்டு மூன்று முறை தப்பிப் போய்த் திரும்பியிருந்தது. ஆனாலும் நான். கையில் அகலப் பிரஷ். கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற முகம். வாய்க்கு ஒரே ஒரு கோடு. நான் வெள்ளை பூசிய அன்று அவர் பார்த்த வாய் அதுதான். அதை இடது கையால், ஒரே இழுப்பில். நான் எத்தனை வருஷம் வரைந்தாலும் எனக்கு அப்படி ஒரு கோடு வராது.

நல்ல படம். அதுதான் தாங்கவில்லை.

"ஆமா, மலைதான்," என்றேன்.

கிழிக்க முடியவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். செல்வி பாத்திரம் கழுவப் போனதும் இவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பென்சிலை எடுத்தேன். இறுக்கிப் பிடித்திருந்தார். அதைப் பீரோ மேல், பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

இப்போது செல்வி கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறாள். "இங்கதான்கா இருந்துச்சு. எங்க போச்சுனே தெரில. சாரு, நீங்க பாத்தீங்களா?"

இவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.