ஊசி நிற்பதற்காக நடந்த நடை

ஜனவரி 6, செவ்வாய்

பனி. தெருவிளக்கைப் பஞ்சுக்குள் வைத்த மாதிரி. இன்றுமுதல் நடை. ஆரம்பித்தே விட்டேன்!

பக்கத்து வீட்டு சரோஜா அத்தையோடு, தொழிற்பேட்டை ரோட்டில், இரும்பு உருக்கும் கம்பெனியின் மதில் முடியும் இடம்வரை. அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை. எனக்குப் போன வருடத்திலிருந்து. அத்தைக்கு மாத்திரை. எனக்குக் காலையிலும் இரவிலும் ஊசி. வித்தியாசம் அவ்வளவுதான்.

"நம்ம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஸ்வீட் ஸ்டாலே போட்லாம்டி யமுனா." சிரித்ததில் குளிர்காற்று தொண்டைக்குள் போய் இருமல்.

நைட் ஷிப்ட் முடிந்த பஸ் ஒன்று. ஜன்னல் முழுக்கத் தூங்கும் தலைகள். நைனா அதில் இல்லை, அவருக்கு இந்த வாரம் பகல்.

நடக்க ஆரம்பித்த பிறகு டாக்டர் அத்தையின் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டாராம். "நடக்க நடக்க எறங்கும். உனுக்கும் ஊசி நின்னுடும், பாரேன்."

வெறும் வயிற்றில் 231. நடந்து வந்த பின் 178. இறங்குகிறது!!

ஜனவரி 9

ஏன் நடக்கிறேன் என்பது இங்கே மட்டும். பதினொன்றாம் வகுப்புக்குத் திருவள்ளூர்ப் பள்ளி. உயிரியல் லேப், ஒரு ஹால் நிறையப் புத்தகங்கள். தினமும் போய்வர முடியாத தூரம், அதனால் ஆஸ்டல். என் வகுப்பு ஷாலினியும் சேர்கிறாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கேட்போம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அம்மா: "ஊசி போட்டுக்கினு ஆஸ்டல்ல எப்டிடீ இருப்ப? மயக்கம் வந்தா யாரு பாப்பாங்க? ஊசி நிக்கட்டும், தாராளமா போ."

ஆக, ஊசி நிற்க வேண்டும். ஜூனுக்குள்.

விரல் நுனியெல்லாம் கருப்புப் புள்ளி. நுனியின் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. கணக்குத் தேர்வு சுமார். செருப்பு வார் அறுந்துவிட்டது, ஊக்கு போட்டிருக்கிறேன்.

ஜனவரி 15

பொங்கல். வெயில் நன்றாக இருந்தது. சர்க்கரைப் பொங்கல் ஒரே ஒரு ஸ்பூன், நைனா ஊட்டினார். மீதியை அவரும் சாப்பிடவில்லை. எனக்காக விட்டுவிட்டார் என்று தெரிந்தது. அவர் சாப்பிட்டிருந்தால் தேவலை.

பெரியம்மா வந்திருந்தாள். அலமாரி டப்பாவில் சிரிஞ்சைப் பார்த்துவிட்டாள். "இன்னாடி இது, பொம்பளப் புள்ள இருக்கற ஊட்ல?"

அம்மா: "சத்து ஊசிக்கா. இளைச்சுக்கினே போறால்ல."

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்து ஊசியாம். நான் என்ன திருடிவிட்டேன்?

ஜனவரி 19

மறுபடி பனி. திரும்பும் வழியில் கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணுக்கு முன்னால் மதில் ஆடியது. அத்தை முந்தானை முடிச்சிலிருந்து மிட்டாய் எடுத்து வாயில் போட்டாள். ஒன்று, இன்னொன்று. வீட்டுக்கு வந்து குத்தினால் அப்போதும் 64.

அத்தை: "பாத்தியா? உனுக்கு சுகரே இல்ல! ஊசிதான் அதிகமாப் போவுது. ஒரு வேள நிறுத்திப் பாரேன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இறங்கிவிட்டதென்றால் இறக்குவதற்கு ஊசி எதற்கு? இரவு அம்மாவிடம் கேட்டேன். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, "இன்னிக்கி ஒரு நாள் உட்டுப் பாக்கலாம்" என்றாள்.

இன்று இரவு ஊசி இல்லை. போர்வைக்குள் சிரித்தேன்.

ஜனவரி 20

வெறும் வயிற்றில் 290. நடந்தால் சரியாகிவிடும் என்று காலை ஊசியையும் போடவில்லை (அம்மாவுக்குத் தெரியாது). மதில் முடிந்தும் நிற்காமல் நடந்தேன். அத்தை பின்னாலிருந்து "மெதுவாடி, காலு வலிக்குது!"

வந்து குத்தினால் 348. நடந்த பிறகு ஏறுமா? மீட்டர் கெட்டுவிட்டது போல.

தாகம். ஷாலினியின் தண்ணீரையும் குடித்துவிட்டேன். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் 130 என்று சொன்னேன், இரவும் ஊசி வேண்டாம் என்றேன். நாளை இன்னும் வேகமாக நடக்க வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

வீடு. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். பேனா பிடித்தால் டிரிப்ஸ் ஏற்றிய இடம் வலிக்கிறது.

21 அன்று எழுந்திருக்கவே முடியவில்லை. விடாமல் வாந்தி, வயிற்று வலி. படுத்தே இருந்தும் ஓடிவந்தவள் போல மூச்சு. மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவு மீறிப் போனால் வராதாம். நைனா ஷிப்டுக்குப் போகாமல் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். அதற்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் ஞாபகம்.

நர்ஸ் அக்கா கத்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "இன்சுலினை நிறுத்தச் சொன்னது யாரும்மா?"

அம்மா: "நான்தான்." அத்தை பெயரைச் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்ட என் 130 பொய்யையும் சொல்லவில்லை.

தெளிந்த பிறகு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "அவங்க சுகர் வேற, உன்னோடது வேறம்மா. அவங்க உடம்புல இன்சுலின் இருக்கு, சரியா வேலை செய்யல. உன் உடம்புல அது சுரக்கறதே இல்ல. நீ நட, ஓடு, நல்லதுதான். முன்னாடியும் பின்னாடியும் செக் பண்ணு. தாழ்வா வந்துச்சுன்னா எங்ககிட்ட கேளு, அளவைக் குறைச்சுத் தருவோம். ஆனா ஊசிய நீயா நிறுத்தக் கூடாது. நடந்து இன்சுலினை வரவைக்க முடியாது."

"எப்ப வரைக்கும் டாக்டர்?"

"எப்பவும்."

அறிவியல் பாடத்தில் இது ஒரு பத்தி. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதை என்னோடு சேர்த்துப் படிக்கத் தோன்றவே இல்லை.

ஊசி எப்பவும்தான் என்று அம்மாவுக்குப் போன வருடமே சொல்லியிருக்கிறார்கள். "உனுக்கு சொல்ல மனசு வர்ல. சரோஜாக்கு கொறஞ்சுதே, உனுக்கும் கொறையாதான்னு…" எனக்குக் கோபம்கூட வரவில்லை. எதுவுமே வரவில்லை.

எப்பவும். பரீட்சை அன்றும். கல்லூரியிலும். வயதான பிறகும். நினைக்க நினைக்க அது முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 27

காலை நடைக்குக் கிளம்பிய அத்தை வாசலில் நின்று, "யமுனா…" என்றாள். அம்மா கதவைத் திறக்காமலே, "அது வராது, நீங்க போங்க." அத்தையின் செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. பாவம், அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?

ஊசியோடு தாராளமாக ஆஸ்டலில் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவும் நைனாவும் பக்கத்திலேயே நின்று கேட்டார்கள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஷாலினிக்கு என்ன சொல்வது?

ஜனவரி 28

வெயில். பள்ளிக்கு அனுப்பவில்லை.

ஊசி டப்பாவை அம்மா தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இனி அவள்தான் போடுவாளாம். ஊசியைப் பார்த்தாலே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறவள். குத்திய இடத்திலேயே மறுபடி குத்தி, ரத்தம் வந்துவிட்டது.

"அப்ப ஆஸ்டல்?" என்று கேட்டேன்.

"நான் போட்டாதான் எனக்கு தூக்கம் வரும்."

"எவ்ளோ நாளைக்கும்மா நீயே போடுவ?"

"உனுக்கு கல்யாணம் ஆவறவரிக்கும்."

"அதுக்கப்புறம்?"

அம்மா பஞ்சை என் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது.