பிழை எண் ஏழும் முப்பத்தேழு மீன்களும்

அனுப்புநர்:
டெம்வா லோங்வே,
தேர்வு எண் 0419/022,
நான்காம் படிவ வகுப்பு (முடித்தவள் என்று எழுதத் தங்கள் அனுமதி இன்னும் வரவில்லை),
சிந்தேகா மேல்நிலைப் பள்ளி,
சிந்தேகா, மலாவி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
வடகரைப் பள்ளிகள் தேர்வுக் கழகம்.

பொருள்: உயிரியல் செய்முறைத் தேர்வில் மீன் வரைந்த முப்பத்தேழு பேரின் தேர்வு முடிவுகளை நிறுத்தி வைத்ததை எதிர்த்து மனு.

பார்வை: தங்கள் கழகம் வெளியிட்ட ‘தேர்வில் தவிர்க்க வேண்டிய பொதுப் பிழைகள்’ கையேடு, பக்கம் 14, பிழை எண் 7.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கேள்வியை இருமுறை படிக்காமல் விடை எழுதுவது முதல் பிழை என்கிறது தங்கள் கையேடு. ஆகவே தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். எங்கள் பள்ளியின் முப்பத்தேழு பேரும் மீன் படத்தில் ஒரே பிழையைச் செய்திருப்பதால் ‘கூட்டாகப் பார்த்து எழுதியவர்கள்’ என்று அதில் இருந்தது. மூன்றாம் முறை படித்தபோதும் அப்படியே இருந்ததால் இம்மனுவை எழுதுகிறேன்.

2. நடந்தது இது. அக்டோபர் மாதச் செய்முறைத் தேர்வில் எங்கள் ஏரியில் கிடைக்கும் சம்போ மீனை ஆளுக்கொன்று கொடுத்து, அதன் பக்கவாட்டுத் தோற்றத்தை வரையச் சொன்னார்கள். சம்போவின் உடம்பில் செவுளிலிருந்து கிளம்பும் பக்கக்கோடு வால் வரை நேராகப் போகாது. பாதி வழியில் அறுந்து, சற்றுக் கீழே இறங்கி, மறுபடி தொடங்கி வாலை அடையும். எங்கள் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. நாங்கள் முப்பத்தேழு பேரும் அதை அறுபடாத ஒற்றைக் கோடாக வரைந்தோம். தவறாக வரைந்தோம், தெரிந்தே வரைந்தோம். யாரையும் பார்த்து வரையவில்லை.

3. தெரிந்தே ஏன் வரைந்தோம் என்று கேட்கத் தங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு என் அக்கா லவ்னெஸ் லோங்வே (தேர்வு எண் 0419/017) இதே தேர்வில் மீனைக் கண்ணில் கண்டபடி வரைந்தாள். மதிப்பெண் குறைத்தார்கள். இரண்டே மதிப்பெண்ணில் உயிரியலில் தோற்றாள். சில மாதங்களில் தங்கள் கையேடு வந்தது. அதில் பிழை எண் ஏழு: ‘பக்கக்கோட்டை இடையில் உடைத்து வரைதல்.’ பக்கத்திலேயே சரியான படம் என்று ஒன்று. அதில் கோடு அறுபடவே இல்லை. அக்கா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரையில் குட்டி மீன் காயவைக்கும் பரண் வேலைக்குப் போய்விட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

4. எங்கள் பள்ளிக்கு வந்தது ஒரே ஒரு கையேடு. ஆசிரியர் திரு. கொண்டோவே தினமும் காலையில் அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பதினொரு பிழைகளையும் நாங்கள் கூட்டமாக உரக்கச் சொல்லுவோம். மீனை மட்டும் ஆளுக்கு ஐம்பது முறை வரைந்தோம். “ஏரியில இருக்கிற மீனைப் பத்தி உங்க அம்மாகிட்ட கேளுங்க. பரீட்சையில வர்ற மீனைப் பத்தி என்கிட்ட கேளுங்க” என்பார் ஆசிரியர். என் அம்மா கடைத்தெருவில் நாள்தோறும் மீன் செதில் சுரண்டுபவர். என் நோட்டைப் பார்த்துவிட்டு, “இது எந்த ஏரி மீனுடி?” என்று கேட்டார். “இது பரீட்சை மீனும்மா” என்றேன். அம்மா நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கத்தியைக் கையில் வைத்திருந்தவரை நம்பாமல் காகிதத்தை நம்பினேன்.

5. டிசம்பரில் தங்கள் விசாரணை அலுவலர் திரு. மொனே வந்தார். எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, “ஏம்மா, முப்பத்தேழு பேருக்கும் ஒரே கண்ணா?” என்றார். “கண்ணு ஆளுக்கு ரெண்டு இருக்கு சார். கையேடுதான் எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு” என்றேன். பதினான்காம் பக்கத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்து எழுதியதை ஒப்புக்கொள்ளும் படிவத்தை எடுத்து வைத்து, “கையெழுத்துப் போட்டா அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம். இல்லாட்டி அதுவும் கிடையாது” என்றார். நால்வர் போட்டுவிட்டார்கள். வீட்டு நெருக்கடி எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற முப்பத்து மூன்று பேர் போடவில்லை, இனியும் போட மாட்டோம்.

6. எனக்குச் செவிலியர் பள்ளியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜனவரி 28-ஆம் தேதிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதற்குப் பின் பரணில் அக்காவுக்கு அடுத்து நிற்க வேண்டியவள் நான். அந்த வேலையில் கேவலம் எதுவுமில்லை. கண்ணால் கண்டதை வரைந்ததற்காக ஒருத்தியும், நீங்கள் சொன்னதை வரைந்ததற்காக இன்னொருத்தியும் அங்கே போய் நிற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

7. எனவே, படம் பிழையென்றால் அதற்குரிய மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் பார்த்து எழுதியவர்கள் என்ற சொல்லை நீக்கி, கையெழுத்திட்ட நால்வரையும் சேர்த்து முப்பத்தேழு பேரின் முடிவுகளையும் 28-ஆம் தேதிக்கு முன் வெளியிடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் எங்களைத் தனித்தனி அறையில் பூட்டி ஆளுக்கொரு மீன் கொடுங்கள். இம்முறை மீனைப் பார்த்து வரைகிறோம்.

இடம்: சிந்தேகா
நாள்: 11 ஜனவரி 2019

பணிவுடன், ஆனால் பயமின்றி,
டெம்வா லோங்வே
(முப்பத்து மூன்று பேரின் சார்பாக, கையொப்பங்கள் பின்பக்கத்தில்)

இணைப்பு:
(அ) கையேட்டின் பக்கம் 14.
(ஆ) உப்பிட்ட சம்போ மீன் ஒன்று. பரணில் காயவைத்தவள் என் அக்கா. செதில் எடுக்கவில்லை. இது அன்பளிப்பு அல்ல, சான்று. பக்கக்கோட்டைத் தாங்களே விரல் வைத்துப் பார்க்கவும். கோடு அறுந்திருந்தால் என் அக்காவின் இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பித் தரவும். அறுபடாமல் இருந்தால் எங்கள் முப்பத்தேழு பேருக்கும் முழு மதிப்பெண் தரவும்.