பதினோராவது வில்லை

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் பயிற்சிக் கூம்புகளை எண்ணினேன். நாற்பது இருக்க வேண்டும், முப்பத்தேழு இருந்தன. வேலியோரப் புல்லில் இரண்டு கிடைத்தன. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது கிளப் செயலாளர் வந்து சொன்னார்: புது மேனேஜர் கொக்கு.

கொக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். ஒற்றைக் காலில் நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பான். பந்து வந்த மறுநொடி எதிரணி அவனைத் தேடும். பன்னிரண்டு ஆண்டுகள் இந்தக் கால்பந்துக் கிளப்பின் இடது ஓரம் அவனுடையது. அவனுக்குப் பின்னால் தடுப்பாட்டத்தில் நான். என்னைக் கதவு என்பார்கள். அவன் முன்னால் போனால் திரும்பி வர மாட்டான். விட்டுவிட்டுப் போன இடத்தை நான் அடைப்பேன். மைதானத்தின் வெளிச்சுவரில் அவன் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அதில் ஓரமாக ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது.

"எட்டு மேட்ச் பாத்துட்டு அப்புறம் நிரந்தரம் பண்ணலாம்னு கமிட்டி சொல்லுது," என்றார் செயலாளர். "உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

இல்லை என்றேன். உதவிப் பயிற்சியாளராக எனக்கு இது பதினான்காவது ஆண்டு. அந்த நாற்காலி காலியானது இது மூன்றாவது முறை. முதல் முறை ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது முறை செயலாளரிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த முறை ஒன்றுமே இல்லை. அவர் போனதும் மறுபடி கூம்பைத் தேடினேன்.

ஜனவரி 11, வியாழன்

முதல் பயிற்சி. வேலியைச் சுற்றி இருநூறு பேராவது நின்றிருப்பார்கள். போன மாதம் மேட்சுக்கே அவ்வளவு பேர் வரவில்லை.

ஓரத்திலிருந்து பந்தை வளைத்து அடிப்பது எப்படி என்று ஒரு ஆட்டக்காரர் கேட்டார். கொக்கு கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். தோல் செருப்பைக்கூட மாற்றாமல் நடந்து போய்ப் பந்தை வைத்து அடித்தான். பந்து வளைந்து மேல் மூலையில் போய்ச் செருகிக்கொண்டது. கோல்கீப்பர் அசையவே இல்லை.

"இப்படி," என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள். கேட்டவரும் தட்டினார். பிறகு அவர் இருபது முறை அடித்தார். பதினெட்டு வேலிக்கு வெளியே போனது.

"கால எப்படி வெக்கணும் கோச்?"

கொக்கு குனிந்து தன் காலையே பார்த்தான். "வெக்கிறதா? அடிச்சா அது போகும்." கேலி செய்யவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

பிறகு அறையில் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யார்கிட்டயும் சொல்லாதடா என்றான்.

ஜனவரி 13, சனி

முதல் மேட்ச். பட்டியல் எழுதுவது என் வேலை. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். பத்துப் பெயர் ஆனதும் "அவ்வளவுதான்" என்று எழுந்து முகம் கழுவப் போனான்.

வேடிக்கை செய்கிறான் என்று நினைத்தேன். மேசையில் காந்தப் பலகை இருந்தது. பச்சைப் பலகை, ஆளுக்கொரு சிவப்பு வில்லை. எண்ணிப் பார்த்தேன். அதிலும் பத்துதான். இடது ஓரம் காலி.

தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டான். கேட்டால் இல்லை என்பான். அதுவும் பொய்யாக இருக்காது.

வழக்கமாக அந்த இடத்தில் ஆடுகிறவரின் பெயரைப் பதினோராவதாக எழுதினேன். டப்பாவிலிருந்து ஒரு வில்லையை எடுத்துப் பலகையில் வைத்தேன். அவன் வந்து கையெழுத்துப் போட்டான், பலகையைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. 2–0 என்று வென்றோம். மைதானமே அவன் பெயரைக் கத்தியது.

ஜனவரி 20, சனி

மறுபடியும் பத்து. வைத்தேன். வென்றோம்.

ஜனவரி 23, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மூஞ்சி தொங்கிப்போகும்."

"நீங்க அவர் மூஞ்சியப் பாத்தே முப்பது வருஷம் ஓட்டிட்டீங்க." ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "உங்களுக்குக் கோவமே வரலையா?"

யோசித்தேன். வரவில்லை. உள்ளே கை விட்டுத் துழாவினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. இது பெருந்தன்மையா, மரத்துப்போனதா? பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 27, சனி

1–1. இடது ஓரம் ஆடுகிறவர் மேட்ச் முடிந்து என்னிடம் வந்தார். இருபத்தெட்டு வயது, ஒரு குழந்தைக்குத் தகப்பன், அதிர்ந்து பேசாதவர்.

"அண்ணா, கோச் எல்லாருக்கும் என்ன பண்ணணும்னு சொல்றாரு. எனக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

இல்லை என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று நானே பத்து நிமிடம் சொன்னேன். இதையும் அடைத்தாயிற்று.

பிப்ரவரி 3, சனி

தோல்வி. பத்து. வைத்தேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மழை. பயிற்சி இல்லை. நாள் முழுக்கப் பந்துகளுக்குக் காற்று அடித்தேன்.

பிப்ரவரி 10, சனி

மறுபடி தோல்வி. ஆனால் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். கோல்கீப்பர் கைநழுவ விட்ட பந்தால்தான் தோற்றோம். அவர் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். கொக்கு பக்கத்தில் போய் உட்கார்ந்து, தான் ஒரு இறுதி ஆட்டத்தில் பெனால்டியை வானத்துக்கு அடித்த கதையைச் சொன்னான். "அந்தப் பந்து இன்னும் கீழ வரலடா" என்றதும் துண்டுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. எனக்கு இது வராது. நானாக இருந்தால் அந்தத் தவற்றை வீடியோவில் போட்டு நாலு முறை காட்டியிருப்பேன்.

பிப்ரவரி 14, புதன்

செயலாளர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அப்போதே தெரிந்தது, ஏதோ வேலை ஆக வேண்டியிருக்கிறது என்று.

"ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அவரு இந்த வேலைக்குப் பொருத்தமா, இல்லையா. உங்களவிட அவரத் தெரிஞ்சவங்க யாரு? இருபத்தெட்டாம் தேதிக்குள்ள."

"பொருத்தம் இல்லன்னா?"

அவர் மென்று விழுங்கினார். "வெளியாளக் கொண்டுவர கமிட்டிக்கு இஷ்டம் இல்ல," என்றார். புரிந்தது.

மனைவியிடம் சொன்னேன். "பொருத்தம்னு எழுதினா பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். இல்லன்னு எழுதினா வயித்தெரிச்சல்ல எழுதினான்னு ஊரே சொல்லும்," என்றாள்.

வயிற்றெரிச்சலாகவாவது இருக்கட்டுமே. அப்படியாவது உள்ளே ஏதோ ஒன்று இருக்கும்.

பிப்ரவரி 17, சனி

0–0. வைத்தேன்.

பிப்ரவரி 24, சனி

இன்று வைக்கவில்லை.

பட்டியலில் பதினோரு பெயர் எழுதினேன், அது நடுவரிடம் போகிற காகிதம். பலகையில் வைக்கவில்லை. இன்று கிளப் தலைவர் உடைமாற்றும் அறைக்கு வருவார் என்று நேற்றே தெரியும். மறந்துவிட்டேனா? இல்லை. டப்பாவைத் திறந்தேன், மூடினேன், பலகையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன்.

தலைவர் சுவரோரமாக நின்றிருந்தார். கொக்கு ஒவ்வொரு வில்லையாகத் தொட்டுப் பேசிக்கொண்டு வந்தான். முடித்துவிட்டு "கேள்வி இருக்கா?" என்றான்.

இடது ஓரம் ஆடுகிறவர் எழுந்தார். "நான் எங்க நிக்கணும் கோச்?"

கொக்கு பலகையைப் பார்த்தான். உதடு அசைய எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான். தலைவர் தொண்டையைச் செருமினார். கொக்கு சட்டென்று சிரித்து, ஒரு வில்லையை எடுத்து ஒட்டினான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தான். அவனுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது.

0–3. எல்லோரும் போனபின் அறையில் கேட்டான்.

"எத்தன வாரமா நீ வெச்சிட்டு வர?"

"முதல் வாரத்துலேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல."

நான் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன்.

"ஆடுறப்பவும் இப்படித்தான். நான் விட்ட எடத்தயெல்லாம் நீ வந்து மூடிட்ட. என்ன விட்டேன்னு எனக்குத் தெரியவே தெரியாது. கைதட்டுதான் கேட்டுது." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "இன்னிக்கு மட்டும் ஏன்டா தொறந்துவிட்ட?"

கோட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பினான். "உன்கிட்ட எழுதிக் கேட்டிருப்பாங்க. உள்ளத எழுது."

பிப்ரவரி 27, செவ்வாய்

எழுதினேன். பொருத்தம் இல்லை. தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அணியை எண்ணும்போது தன்னையும் எண்ணுகிறார். கோல்கீப்பர் துண்டுக்குள் சிரித்ததையும் ஒரு வரி எழுதினேன். பிறகு பக்கம் போதவில்லை என்று அந்த வரியை அடித்துவிட்டேன். தாளில் இடம் இருந்தது.

ஆறு வாரம் நான் வில்லை வைத்ததை எழுதவில்லை.

பிப்ரவரி 28, புதன்

கொடுத்தாயிற்று. உறையை வாங்கிய செயலாளர் என் தோளைத் தட்டினார்.

மார்ச் 2, சனி

கடைசி மேட்ச். அவன் பட்டியலைச் சொன்னான். பத்தாவது பெயரில் நின்றான். என் பேனாவையே பார்த்தான். பிறகு பதினோராவதை அவனே சொன்னான். பலகையிலும் அவனே வைத்தான். சத்தமாக எண்ணினான், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி.

அப்புறம் இடது ஓரம் ஆடுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினான். நான் கதவருகில் நின்று கேட்டேன். "நான் எப்படி அடிச்சேன்னு எனக்குத் தெரியாது. ஆனா எப்பப் பயந்தேன்னு தெரியும். அத மொதல்ல சொல்றேன்," என்றான்.

3–1 வென்றோம். இரண்டு கோல் அவர் அடித்தது.

உறை செயலாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கமிட்டி செவ்வாய்க்கிழமைதான் கூடுகிறது. திரும்ப வாங்கி இன்னொரு பக்கம் எழுதலாம். திங்கட்கிழமை முழுக்க நேரம் இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

செயலாளர் அறையை இரண்டு முறை கடந்து போனேன். கதவு திறந்துதான் இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

அவன் இல்லை. நான். தலைவர் கை குலுக்கினார். சம்மதம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இதுக்காகத்தானே இருந்தீங்க," என்றாள் மனைவி. நல்லபடியாகத்தான் சொன்னாள். காலணிகளுக்கு பாலிஷ் போட்டேன்.

மார்ச் 7, வியாழன்

கொக்கு போன் செய்தான். வாழ்த்துச் சொன்னான். குரலில் ஒன்றும் இல்லை. "அந்த இடது ஓரத்துக்காரர்கிட்ட வாரா வாரம் பேசு. விட்றாத," என்றான். சரி என்றேன். அறிக்கையைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கு என்றான்.

மார்ச் 9, சனி

என் முதல் மேட்ச். பட்டியல் எழுதினேன். பலகையை அடுக்கி, உடைமாற்றும் அறையில் மாட்டி, பேச ஆரம்பித்தேன். பதினான்கு ஆண்டுகளாக மனத்துக்குள் பேசி வைத்திருந்தது. திக்காமல் வந்தது.

பாதியில் கோல்கீப்பர் கை தூக்கினார்.

"கோச், பன்னெண்டு பேர் இருக்கோம்."

எண்ணினேன். ஒழுங்காகப் பதினோரு வில்லை அடுக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் டப்பாவிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் இரண்டு வில்லைகள் ஒட்டி ஒட்டி நின்றன.

நான் கூடுதலாக வைத்ததைச் சத்தமில்லாமல் எடுத்துவிட எனக்குப் பின்னால் யாரும் இல்லை. கொக்காக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான். நான் "ஆமா" என்று மட்டும் சொல்லி ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது வந்தது. இத்தனை வாரம் துழாவியும் கிடைக்காதது, அடிவயிற்றிலிருந்து, காது மடல் வரை சூடாக. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

1–1. வில்லை இன்னும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது.