மகாராணியிடம் திருடியது

ஜூன் 4
அக்கா மகளுக்குப் பதினாறு மாதம். எடை ஆறு கிலோ நானூறு. யாரையும் லட்சியம் பண்ணாமல் கண்ணை மட்டும் உருட்டுவாள். அதனால் நான் வைத்த பெயர் மகாராணி. இன்று சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா அவள் மேல்கையில் மூணு கலர் நாடா சுற்றி அளந்தார். சிவப்பில் நின்றது. "மகாராணிக்குச் சிவப்புக் கம்பளம்!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிவப்பு என்றால் மிக மோசமான மெலிவாம். அக்கா அழுதாள்.

வாரத்துக்கு இருபத்தொரு பாக்கெட் கொடுத்தார்கள். கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய் சேர்த்து அரைத்த பசை.

ஜூன் 5
அக்கா வேலைக்குப் போனதும் ஊட்டுவது சித்தி பொறுப்பு. (பதினைந்து வயதில் சித்தி. என் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!) மகாராணி வாயையே திறக்கவில்லை. கடுப்பில், "வேணாம்னா போ, நானே தின்னுக்கறேன்" என்று ஒரு நக்கு நக்கினேன். அடடா, என்ன ருசி! மகாராணி முறைத்தாள். பிடுங்கி உறிஞ்சினாள்.

ஜூன் 11
இருநூறு கிராம் ஏறிவிட்டாள்! தினமும் அதே கூத்துதான். அவளுக்கு நாலு வாய், எனக்கு ஒரு நக்கு. சித்தி வரி.

ஜூன் 18
ஐம்பது கிராம்தான்.

நர்ஸம்மா அக்காவைக் கேட்டார்: "வீட்டில வேற யாராவது சாப்பிடறீங்களா? இது தீனி இல்லம்மா, மருந்து. பங்கு போட்டா குழந்தைக்குப் பத்தாது."

"சத்தியமா இல்லைங்க."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருக்கலாம்.

இனி ஒரு நக்குகூடக் கிடையாது.

ஜூன் 21
நான் நல்லவளாகி மூன்று நாள். அவள் சரியாகச் சாப்பிடாமலும் மூன்று நாள். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. ஒண்ணுமே புரியல. திருடினப்போ தின்னா. திருடாதப்போ தின்ன மாட்டேங்கறா. எங்கே இடிக்குது?

ஜூன் 24
இன்று ஒரே ஒரு பாக்கெட். அதிலும் பாதி என் சட்டையில்.

ஜூன் 25
நூற்றைம்பது கிராம் குறைந்துவிட்டது.

"இங்கேயே என் கண்ணு முன்னாடி ஊட்டுங்க. தின்னலைன்னா வார்டுல சேர்த்து மூக்கு வழியா குழாய் போடணும்" என்றார் நர்ஸம்மா. அக்கா கெஞ்சினாள், கொஞ்சினாள். மகாராணி வாய்க்குப் பூட்டு.

எனக்கு என்ன தோன்றியதோ — பாக்கெட்டைப் பிடுங்கினேன். "வேணாம்னா போ, நானே தின்னுக்கறேன்!"

"ஏய், என்னடி பண்றே!" அக்கா கத்தினாள். மகாராணி அதைவிடக் கத்தினாள். பாக்கெட் அவள் கைக்குப் போனது. அப்புறம் உறிஞ்சும் சத்தம் மட்டும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா, "உன் காதைத் திருகணும். இனிமே திருடற மாதிரி நடி. நாக்கு படக் கூடாது" என்றார்.

திரும்பி வரும்போது அக்கா பேசவில்லை. அப்போ நான் மகாராணியை மெலிய வெச்சேனா, தின்ன வெச்சேனா? இரண்டுமா?

ஜூலை 3
நடித்தேன். மூன்று பாக்கெட்டும் காலி. அக்கா இன்னும் பேசவில்லை.

ஜூலை 23
நாடா சிவப்பைத் தாண்டி மஞ்சளுக்கு வந்துவிட்டது.

மத்தியானம் என் தட்டில் கடைசி ரொட்டித் துண்டு. மகாராணி தவழ்ந்து வந்து, அள்ளி, வாயில் திணித்துக்கொண்டு என்னையே முறைத்தாள்.

"விட்டுடுடி" என்றாள் அக்கா என்னிடம், கதவருகே நின்றபடி. "நீ தின்னதை வசூல் பண்றா."