என் நெஞ்சு, என் ரிப்போர்ட்

ஜூலை 21, திங்கள். காலையிலேயே புழுக்கம்.

என் இதயத்துக்குள் ஒரு கட்டி. மகன் செல்வத்துக்குப் பதினோரு நாளாகத் தெரியும். மருமகள் கீதாவுக்கும் தெரியும். எனக்கு இன்றுதான் தெரியும். இருவரும் சேர்ந்து என்னிடம் "வாயு" என்றார்கள். மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ரேஷன் கார்டைத் தேடினேன். பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், என் இதயத்தைப் படம் எடுத்த எக்கோ சென்டரின் கவர். என் பெயர், வயது 67. ஏற்கெனவே பிரித்த கவர். உள்ளே இங்கிலீஷ். பஸ் போர்டையும் பேஷன் புத்தகத்தையும் பார்த்துக் கற்ற இங்கிலீஷ் எனக்கு. "ஹார்ட்" தெரிந்தது. மற்றது புரியவில்லை. எடுத்துக்கொண்டு நேரே எக்கோ சென்டருக்கே போனேன்.

அன்று படம் எடுத்த அதே பெண். என்னை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாளே, அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"உங்க பையன் சொல்ல வேணாம்னாரும்மா. பயந்துடுவீங்களாம்."

"பயப்படுறது அவன். நெஞ்சு என்னுது. நீ சொல்லு."

உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள். படத்தைப் போட்டுக் காட்டினாள். இடது மேல் அறையில், கட்டி ஒரு காம்பில் தொங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு வாசல்வரை இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. பெயர் மிக்ஸோமா. அடையாற்றில் ஒரு சர்ஜனை உடனே பார்க்கும்படி அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார்களாம். அதுவும் கவருக்குள்தான் இருந்தது.

தைக்க இரண்டு பிளவுஸ் பாக்கி. கை ஓடவில்லை.

ஜூலை 22, செவ்வாய். வெயில்.

மே மாதம் நானே குறித்து வைத்த தாள் கிடைத்தது:

இடப்பக்கம் படுத்தால் மூச்சு முட்டல். வலப்பக்கம் திரும்பினால் சரி.
குனிந்து துணி ஓரத்துக்கு ஹெம் அடித்து நிமிர்ந்தால் கண் இருட்டு.
சாப்பிட்டாலும் வருகிறது, பட்டினி கிடந்தாலும் வருகிறது. ஆகவே வாயு இல்லை.

அப்போதே தெருமுனை டாக்டரிடம் காட்டினேன். தாளைத் திருப்பி, பின்பக்கத்திலேயே வாயு மாத்திரை எழுதினார். அது கேட்காமல்தான் இந்த மாதம் எக்கோ.

செல்வம் கடைக்குக் கிளம்பும்முன் கவரை அவன் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். தி.நகர் ஜவுளிக் கடையில் பட்டுப்புடவை மாடி அவன் பொறுப்பு. கையிலெடுத்த இட்லி அப்படியே நின்றது. கட்டி, அடையாறு என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் அங்கே இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான் என்று முடிவு செய்துவிட்டானாம். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடுமே என்று பயம்.

அது புற்று இல்லை, எக்கோ சென்டரிலேயே கேட்டுவிட்டேன் என்றேன். முகம் தெளிந்தது. தெளிந்த கையோடு, "அப்ப ஆடி போவட்டும்மா. ஆடில யாராச்சும் நெஞ்ச அறுப்பாங்களா? தள்ளுபடி நேரம், லீவும் கெடைக்காது" என்றான்.

"கட்டிக்கு ஆடி தெரியுமாடா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தான். பாவமாக இருந்தது. விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலை 24, வியாழன். மேகமூட்டம்.

தனியாக அடையாறு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சர்ஜன் ஒரு பெண், செல்வம் வயதுதான். கூட யார் வந்திருக்கிறார்கள் என்றார். நான் வந்திருக்கிறேன் என்றேன்.

என் தாளை இரண்டு முறை படித்தார். இதுவரை யாரும் ஒரு முறைகூடப் படித்ததில்லை.

"கேன்சர் இல்லம்மா. ஆனா இருக்குற இடம் சரியில்ல. துண்டு ஒடைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். தள்ளிப்போடாதீங்க."

மருந்தில் கரையாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இதயத்தை நிறுத்தி, அந்த நேரம் வேறு மெஷின் ரத்தத்தை ஓட்டுமாம். சரிதான், ஓடுகிற மெஷினில் ஊசி மாற்ற முடியாது என்றேன். சிரித்தார். காம்பை மட்டும் வெட்டினால் திரும்ப முளைக்கலாம். அடிச்சுவரையும் கொஞ்சம் சேர்த்து எடுத்து ஒட்டுப் போடுவார்களாம். எவ்வளவு விட்டு வெட்டுவீர்கள் என்று கேட்டேன். பேனாவால் வரைந்து காட்டினார். நல்ல கை.

திங்கள் அட்மிட். புதன் ஆபரேஷன். ஆடி பதினாலு.

ஜூலை 25, வெள்ளி.

குழாயடியில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருத்தி: "ஆடி மாசத்துல கத்தி வெச்சிக்கப் போவுதாம். இன்னா திமிரு பாரு கெய்விக்கு."

குடத்தை நடுவில் வைத்தேன். "ஆமா, திமிருதான். நவுரு" என்றேன்.

பிளவுஸ் இரண்டும் முடிந்தன.

ஜூலை 27, ஞாயிறு. தூறல்.

செல்வம் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். சூப்பர்வைசர் திட்டினாராம். "இனிமே மறைக்க மாட்டேம்மா" என்றான். பார்க்கலாம் என்றேன்.

நாளை முதல்:

நான்: ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்து. தமிழில். படித்துவிட்டுத்தான்.
கீதா: பழைய மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட வேண்டும். தையல் மெஷினுக்கு உறை போட வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் திருநீறு கொண்டுவரலாம், அழக் கூடாது.
சர்ஜன்: காம்போடு, அடியோடு. எடுத்ததை டப்பாவில் எனக்குக் காட்ட வேண்டும்.
தெருமுனை டாக்டர்: என் தாளின் முன்பக்கத்தைப் படிக்க வேண்டும். பிழைத்து வந்து நானே கொண்டுபோவேன்.
எக்கோ பெண்: வருஷா வருஷம் படம். திரும்ப முளைத்திருந்தால் முதலில் என்னிடம்.
செல்வம்: சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கிவர வேண்டும். என் கையில் தர வேண்டும். கவரைப் பிரிக்காமல்.