சுமை ஏற்றிப் பார்த்த வண்டி

மண்ணூர்பேட்டை
8.12.1991

அன்புள்ள தம்பி பாஸ்கரனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். பிலாய்க் குளிரில் நீயும் சுசீலாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இருமல் நின்றதா?

வண்டி வாங்கிவிட்டேன். நீ சொன்ன காரை அல்ல. கோபப்படாமல் மேலே படி.

உன் அத்தான் போன பிறகு இந்த பேட்டரித் தண்ணீர் தயாரிக்கும் ஷெட்டை நான் தனியாக நடத்துவது உனக்குப் பிடிக்கவில்லை. நடத்தியே தீருவேன் என்றால் கௌரவமாக ஒரு காராவது வைத்துக்கொள் என்றாய். இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நம் தண்ணீரை வாங்கும் அந்தப் பெரிய ஆலையோ, சொந்த வண்டியில் சரக்கைக் கொண்டுவந்து இறக்கினால்தான் ஆண்டு ஆர்டர் என்றது. அது கிடைக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு உன்னிடம் வந்துவிடுவதாக நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதலில் காரைத்தான் பார்த்தேன். தரகர் ஜம்புலிங்கம் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. "ஆவடி குவார்ட்டர்ஸ் ஆபீஸர் வண்டிம்மா. கோயிலுக்குப் போறதோட சரி. டெய்லி தண்ணி ஊத்திக் கழுவி, புள்ள மாதிரி வச்சிகினு கீறாரு" என்றார். வேதியியல் படித்தவளிடம் இரும்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பெருமை பேசலாமா? கால்மிதியைத் தூக்கி அடித்தகட்டை அழுத்தினேன். விரல் மறுபக்கம் போய்விட்டது. "இது இன்னாம்மா பெரிய விஷயம், பேட்ச் போட்டுக்கலாம்" என்றார்.

பின்சீட்டிலும் டிக்கியிலும் தண்ணீர்க் கேன்களை ஏற்றச் சொன்னேன். "காரு வாங்க வந்துட்டு கேன் ஏத்திப் பாக்கற ஆள இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பட்டரைவாக்கம் ரயில்வே கேட் மேட்டில் சைலன்ஸர் உரசிய சத்தம் உனக்கே கேட்டிருக்கும்.

அடுத்துப் பார்த்தது பூந்தமல்லி வாழைக்காய் மண்டி பஷீருதீன் பாயின் பிக்கப் வண்டி. அந்தக் காரைவிட வயதில் மூத்தது. பெயின்ட் வெளுத்துவிட்டது. கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் மூடும். கிளம்பும்போது கரும்புகை. "பாக்க லட்சணமா இருக்காதும்மா. நீங்க இன்னா பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்றார் பாய். புடவையில் கிரீஸ் பட்டாலும் பரவாயில்லை என்று அடியில் குனிந்து பார்த்தேன். துரு மேலோடு நின்றிருந்தது, சட்டம் திடம். காரில் ஏற்றியதைப் போல இரண்டு பங்கு ஏற்றினேன். அதே மேட்டில் முனகிக்கொண்டே ஏறி, பத்திரமாக இறங்கியது. ஓட்டியது நான்தான். லைசென்ஸ் எடுத்ததை உனக்கு எழுதவில்லை, வேண்டாம் என்றிருப்பாய்.

திங்கட்கிழமை ஆலை வாசலில் காவலாளி துலுக்கானம் வண்டியைச் சுற்றி வந்து, "டிரைவர் எங்கம்மா கீறான்?" என்று கேட்டார். "நான்தான். கேட்டைத் திறங்க" என்றேன். "அட நைனா!" என்றவர், விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். ஒரு கேன்கூடச் சிந்தவில்லை. நேற்று ஆண்டு முழுவதற்குமான ஆர்டர் என் பெயருக்கு வந்துவிட்டது.

எனக்குக் கொண்டாடத் தெரியாது என்பாய். திரும்பும்போது காலிக் கேன்கள் கடகடவென்று ஆட, எதிரே யாருமே இல்லாத சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன்.

பொங்கலுக்கு வருவதானால் தந்தி கொடு. சென்ட்ரலுக்கு நானே வருகிறேன். சுசீலாவும் குழந்தையும் என் பக்கத்தில் உட்காரட்டும். நீ பின்னால் மூட்டைகளோடு ஏறிக்கொள். அங்கே எனக்கென்று வெள்ளையடித்து வைத்திருக்கும் அறையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடு, தம்பி. மூவரும் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் அன்புடன்,
அக்கா வசந்தகுமாரி